யாராக இருந்தாலும் தடை

எங்கள் சூப்பர்வைசரின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். வேலை தொடங்க ஓர் ஊதல், சாப்பாட்டுக்கு ஓர் ஊதல், யாராவது நின்று பேசினால் அவர்கள் காதோரமாக ஓர் ஊதல். அதனால் தளம் முழுக்க அவனுக்கு விசில் என்றுதான் பெயர். மரியாதையாக அவர் என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. அவன் என்றே போகட்டும்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைப்பு ஒரு பக்கம், உலர்த்தல் ஒரு பக்கம், நடுவில் இஸ்திரி உருளை. வீட்டில் சட்டை தேய்க்கிற பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்குப் பழுக்கக் காய்ந்த இரும்பு. இந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று ஈர விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து ஊட்டினால், அந்தப் பக்கம் காகிதம் மாதிரி மொடமொடவென்று வந்து விழும். உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பி உண்டு. அதில் விரல் பட்டால் போதும், உருளை அப்படியே நின்றுவிடும். விரல்கம்பி என்போம்.

வலது முனை நான். இடது முனை என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. வீட்டில் எங்களுக்குள் குளியலறை வாளியிலிருந்து ஜன்னல் திரை வரைக்கும் எல்லாவற்றிலும் சண்டை உண்டு. உருளைக்கு முன்னால் நின்றால் மட்டும் நாலு கையும் ஒரே ஆளுடைய கையாகிவிடும். அவள் தொண்டை கிழிய "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தளத்தில் உள்ள எல்லாருக்கும் நான் அண்ணி ஆகிவிட்டேன். என்னைவிட வயதில் மூத்த ஆண்களும் அண்ணி என்பார்கள். விசிலும் அண்ணி என்பான். அவன் வாயில் மட்டும் அது வசவு மாதிரி இருக்கும்.

வேலை மும்முரத்தில் விரல் கம்பியில் உரசுவது சகஜம். உரசும்போதெல்லாம் உருளை நிற்கும், விரிப்புகள் தேங்கும். விசிலுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் கம்பியைக் காணோம். கேட்டதற்கு, சுத்தம் பண்ணக் கழற்றியிருக்கிறது, நீங்கள் ஊட்டுங்கள் என்றான். அந்த வாரமே நாத்தனாரின் இடது கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. உருளையை நிறுத்துவதற்கென்று பக்கத்தில் தொங்கும் சிவப்புக் கயிற்றை நான் இழுத்தேன். உருளை நிற்பதற்குள் போக வேண்டியது போய்விட்டது. நீராவிக்குள்ளிருந்து அவள் குரல் எப்படிக் கேட்டது என்பதை நான் எழுதப்போவதில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் கம்பி இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. தலைமை அலுவலகத்துக்கு விசில் எழுதி அனுப்பியது இது: கம்பி மாட்டித்தான் இருந்தது, அந்தப் பெண் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஊட்டினாள், தவறு அவளுடையது. கை ஆறியதும் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று பதில் வந்ததாக எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். அதுவரைக்கும் கட்டுப்போட்ட கையோடு தலையணை உறைகளைப் பிரித்து வைக்க விட்டிருந்தான்.

நான் தளத்தின் நடுவில் நின்று, எல்லாரும் பார்க்க, அவனிடம் கேட்டேன். கம்பியைக் கழற்றினது யார் என்று ஒரே ஒரு கேள்வி. அவன் செல்போனை எடுத்து ஏதோ தட்டினான். மறுநாள் காலையில் கேட் எனக்குத் திறக்கவில்லை.

எங்கள் கேட் சாவியில் திறப்பதில்லை. கம்பெனிக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது. கேட், அறைக் கதவு, ஷிப்ட், லீவு எல்லாமே அதில்தான். ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பதவி கொடுத்திருப்பார்கள். ஊட்டுபவர், மடிப்பவர், சூப்பர்வைசர் என்று. எந்தப் பதவிக்கு எந்தக் கதவு என்று உள்ளே எழுதியிருக்கும். செல்போனைக் காட்டினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. தடை என்பதும் அதில் ஒரு பதவி. அதைப் போடுவதும் எடுப்பதும் சூப்பர்வைசர் கையில்.

தடை போட்டால் வீட்டுக்குப் போக முடியாது. அதுதான் அதில் உள்ள விஷம். கேட்டை ஒட்டி இருக்கிற வாசலறையில், ஷிப்ட் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போனால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்கள். உள்ளே போகிற எல்லாரும் ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டே போவார்கள். செல்போனில் ஒரே ஒரு பக்கம் மட்டும் திறக்கும். குறை சொல்லும் பக்கம். அதில் எழுதுவது தலைமை அலுவலகத்துக்குப் போகும். தடையில் இருக்கிற மற்றவர்களுக்கும் அது தெரியும், பொதுச் சுவரில் எழுதின மாதிரி. எனக்கு முன்னால் துவைப்பில் இருந்த ஒரு பெரியவர் எழுதிய நாலு வரி இன்னும் அங்கே கிடந்தது. அவர் வேலையை விட்டுப் போய் நாளாயிற்று.

எனக்கு எழுத்து பிந்தித்தான் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்த பிறகு உட்கார்ந்து கூட்டப் பழகினேன். ஒரு மத்தியானம் பூராவும் எழுதினேன். விரல்கம்பியைக் கழற்றியது சூப்பர்வைசர் என்று எழுதினேன். கடைசியில், என் நாத்தனாரின் கை பொய் சொல்லாது என்றும் எழுதினேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது.

ஷிப்ட் தொடங்குமுன் எல்லாரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்துவது வழக்கம். முற்றம் வாசலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. மறுநாள் காலையில் விசில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, செல்போனைப் பார்த்து, நான் எழுதியதை உரக்கப் படித்தான். நான் எழுத்துக் கூட்டுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்துப் படித்தான். "நாத்... தனாரின்... கை... பொய்..." என்று நிறுத்திவிட்டு, "கை எப்படி அண்ணி பொய் சொல்லும்? வாய்தானே சொல்லும்" என்றான்.

வரிசை சிரித்தது. நாத்தனாரும் வரிசையில் நின்றாள். அவள் உதட்டோரமும் அசைந்ததை நான் பார்த்தேன்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். சிரிக்காமல் நின்றிருந்தால் அடுத்து பெஞ்சில் அவள்தான். ஆனாலும் அன்றைக்கு வீட்டில் நான் அவளோடு பேசவில்லை. என் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இவனை இதே பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. ஆனால் அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சாப்ட்வேரம்மா வந்தாள். வெப்சைட்டைத் திருத்தி எழுதுவதற்காகத் தலைமை அலுவலகம் அனுப்பிய பெண். நாற்பதைத் தாண்டியவள், முழங்காலில் பட்டை கட்டியிருப்பாள், டீயைச் சொந்த பிளாஸ்கில் கொண்டுவருவாள். உள்ளே நீராவியில் அவளுடைய கம்ப்யூட்டர் வியர்த்துப் போனதாம். பிளக் இருக்கிற அமைதியான இடம் வாசலறை ஒன்றுதான். அதனால் பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் எதற்கு அங்கே இருக்கிறேன் என்று முதல் நாள் அவள் கேட்கவில்லை. டீயை மட்டும் மூடியில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள்.

நாள் பூராவும் என்னதான் செய்கிறாய் அம்மா என்று கேட்டேன்.

"குடியிருக்கறவங்களைக் காலி பண்ணாம வீட்டை இடிச்சுக் கட்டறேன்கா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "இந்த வெப்சைட்டை யார் யாரோ எழுதியிருக்காங்க. ஒவ்வொரு கதவுலயும் ஒவ்வொரு பக்கத்துலயும் தனித்தனியா ஒரு வாட்ச்மேன். ஒருத்தன் நீ சூப்பர்வைசரான்னு கேக்கறான். இன்னொருத்தன் நீ தடையான்னு கேக்கறான். மூணாவது ஆள் ஒண்ணுமே கேக்காம தூங்கறான். இவங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு ஒரே ஒரு ஆளை வைக்கப்போறேன். யாருக்கு என்ன அனுமதின்னு அவன்கிட்ட மட்டும்தான் இருக்கும்."

வாசலில் நின்ற காவலாளி தலையை உள்ளே நீட்டி, "என்னையுமா?" என்றார்.

"உங்களைத் தொடமாட்டேண்ணே. நீங்க கம்ப்யூட்டருக்குள்ள இல்ல."

அதற்குப் பிறகு நாங்கள் பேசப் பழகிவிட்டோம். தளத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்று அவள் கேட்பாள், நான் சொல்வேன். அவள் தட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் குறை சொல்லும் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"இந்த ஒரு பக்கத்துல மட்டும் வாட்ச்மேன் ரொம்பக் கண்டிப்புக்கா. தடைல இருக்கறவங்க, ஹெட் ஆபீஸ், அவ்வளவுதான். வேற யாருக்கும் திறக்காது. நானே இதைப் பாக்கணும்னா என்னைத் தடைல போட்டுக்கிட்டுத்தான் பாக்க முடிஞ்சுது."

நான் மூடியைக் கீழே வைத்தேன்.

"சூப்பர்வைசருக்கு?"

"திறக்காது."

"அவனும் உன்னை மாதிரி தன்னைத் தானே தடைல போட்டுக்கிட்டா?"

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. போட்டுக்கொண்டால் திறக்கும் என்றாள். யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று தான் சொல்லக்கூடாது என்றும் சொன்னாள். அதை நான் கேட்கவும் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத காலத்தில்கூட எனக்கு இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரியும். நான் எழுதியதை அவன் படித்தான். தடையில் இல்லாதவன் அதைப் படிக்க முடியாது.

ஆனால் அவன் தினமும் கேட்டில் பச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறானே, அது எப்படி என்று கேட்டேன். யாருக்கென்று சொல்லாமல், தடையில் இருக்கிற ஒருத்தர் கேட்டைத் தாண்ட முடியுமா என்று கேட்டேன்.

"இப்போ முடியும். கேட்ல நிக்கறவன் முதல்ல பெரிய பதவி இருக்கான்னு கேக்கறான். இருந்தா உள்ள விட்டுடறான், அடுத்த கேள்வியே கிடையாது. ஏன், உங்களுக்கே முதலுதவிப் பதவி இருக்கே. கேட்ல அது செல்லாது, ஆனா பின்பக்க மருந்தறைக் கதவு உங்களுக்குத் திறக்கும். காட்டிப் பாக்கலையா?"

நான் காட்டிப் பார்த்ததில்லை. தளத்தில் யாருக்காவது வெட்டுப்பட்டால் கட்டுப்போடுகிறவள் நான்தான். அதற்கென்று ஒரு பதவி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"நீ மாத்தினப்புறம்?"

"அதைத்தான் உங்க சூப்பர்வைசர்கிட்ட கேக்கணும். ஒருத்தருக்கு ரெண்டு பதவி இருந்தா எது ஜெயிக்கும்? நான் முடிவு பண்ணக்கூடாது, அவர் எழுதிக் குடுக்கணும். நாளைக்குப் பேசறோம். நேத்து கேட்டப்போ எது பெரிசோ அதுன்னு வச்சுக்கோங்கன்னார். அப்படியே போனா உங்களுக்கு நல்லதுக்கா. முதலுதவி தடையை ஜெயிச்சுடும். கேட் உங்களுக்குப் பச்சை."

பெஞ்சிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். எனக்குப் பச்சை. அவனுக்கும் எப்போதும்போலப் பச்சை. நான் உள்ளே போய் உருளை முன்னால் நிற்பேன், அவன் என் காதோரம் ஊதுவான். நாத்தனார் கை ஆறியதும் வெளியே போவாள். எல்லாம் சுமுகமாக முடியும்.

மறுநாள் விடிந்ததும் நாத்தனார் சீப்போடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஒற்றைக் கையால் பின்னல் போட வரவில்லை. சண்டையானாலும் தலைமுடி காத்திருக்காது. நான் வாரினேன்.

"நான் சிரிச்சேன் அண்ணி" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

"பார்த்தேன்."

"அவன்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டு நீங்க உள்ள வந்துடுங்க. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா அண்ணன் ஒருத்தரால என்ன பண்ண முடியும்? என் கைக்காக நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"உன் கைக்காகன்னு யார் சொன்னா? என்னைப் படிச்சுக் காட்டினான் பாரு, அதுக்காக" என்றேன். பின்னலை இறுக்கிக் கட்டினேன். வலிக்கிறது என்றாள். வலிக்கட்டும் என்றேன். அவள் சிரித்தாள், இந்தத் தடவை நிஜமாக.

அன்று காலையில் நான் வாசலறைக்குப் போகவில்லை. சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து பின்பக்கம் போய், மருந்தறைக் கதவில் செல்போனைக் காட்டினேன். பச்சை. பஞ்சையும் கட்டுத்துணியையும் எடுத்துக்கொண்டு உலர்த்தல் பகுதி வழியாகத் தளத்துக்குள் நடந்தேன். சுற்றிப் போயிருக்கலாம். விசில் நின்றுகொண்டிருந்த வழியாகவே போனேன், அவன் தோளை உரசிக்கொண்டு. தலையணை உறைக் குவியலுக்கு நடுவில் நாத்தனாரை உட்காரவைத்து, பழைய கட்டைப் பிரித்து, ஊர் பார்க்கப் புதுக் கட்டுப் போட்டேன். அவசரமே படவில்லை.

உருளைச் சத்தத்தையும் மீறி விசில் ஊதினான். ஊதிக்கொண்டே வந்தான்.

"நீ எப்படி உள்ள வந்தே?"

"கதவு திறந்துது. வந்தேன்."

"தடைல இருக்கறவளுக்குக் கதவு எப்படித் திறக்கும்?"

"எனக்கு இன்னொரு பதவியும் இருக்காமே. அதுதான் பெரிசாமே. நீங்கதான் அப்படிச் சொன்னீங்களாமே, எது பெரிசோ அதுன்னு. ரொம்ப நன்றி."

அவன் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. என் கையைப் பிடிக்கவில்லை, பிடிக்காத குறைதான். வாசலறைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு வந்தான். சாப்ட்வேரம்மா பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

ரெண்டு பதவி இருந்தால் எது ஜெயிக்கும் என்று கேட்டாயே, அதை இப்போதே எழுதிக்கொள் என்றான். அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"தடைன்னா தடை. வேற என்ன பதவி இருந்தாலும் செல்லாது. ஒரு கதவு திறக்கக்கூடாது."

"எல்லாருக்குமா சார்?"

"யாரா இருந்தாலும்."

"இது கடுமையான விதி. பெரிய பதவில இருக்கறவங்களுக்கும் பொருந்தும். தடைல இப்போ யார் யார் இருக்காங்கன்னு ஒருதடவை பார்த்துட்டுச் சொல்றீங்களா? அனுப்பி வைக்கிறேன்."

"நான் போட்ட தடை, எனக்குத் தெரியாதா? கடவுளே தடைல இருந்தாலும் வாசல்ல உக்காரட்டும். அனுப்பு, ஓக்கே போடறேன்."

அவள் அனுப்பினாள். அவன் செல்போனை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினான். படிக்கவில்லை. அவன் கண் என் மேலே இருந்தது. இனி உன்னைப் பார்க்கிறேன் என்று சொல்கிற கண். அந்தத் தட்டின் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது என்று நினைக்கிறேன்.

அவன் போன பிறகு நான் வாயைத் திறந்திருக்கலாம். அம்மா, ஒருதடவை நீயே பார்த்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்ட்வேரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள், நெடுநேரம். பிறகு, நாளைக்குக் காலையில் புது ஆள் கேட்டுக்கு வருவான் என்றாள். உங்களுக்கு இனி மருந்தறையும் கிடையாது அக்கா என்றாள்.

பரவாயில்லை என்றேன்.

மறுநாள் நான் சீக்கிரமே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன், ஜன்னலோரமாக. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கேட்டில் காட்டிப் பச்சை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். விசில் வந்தான். யாரோடோ செல்போனில் பேசிக்கொண்டே அதைக் கேட்டில் காட்டிவிட்டு, நிற்காமல் நடந்தான். கேட் திறக்காததால் நெற்றி கம்பியில் மோதியது.

மறுபடி காட்டினான். சிவப்பு. செல்போனைச் சட்டையில் துடைத்துவிட்டுக் காட்டினான். சிவப்பு.

"தடைன்னு காட்டுதுங்க சார்" என்றார் காவலாளி. அவர் குரலில் ஒன்றுமே இல்லை. "வாசலறைல உக்காரணும்."

அவன் கத்தியதையெல்லாம் இங்கே எழுதினால் பக்கம் போதாது. காவலாளியின் வேலையைப் பறிப்பேன் என்றான், கேட்டை உடைப்பேன் என்றான். காவலாளி எல்லாவற்றுக்கும் ஆமாங்க சார் என்றார். தீப்பிடித்தால் தவிர அந்தக் கேட்டைக் கையால் திறக்க முடியாது. கடைசியில் நனைந்த சட்டையோடு வாசலறைக்குள் வந்து சாப்ட்வேரம்மாவின் முன்னால் நின்றான்.

"எடு. தடையை எடு."

"நான் எழுதறவ சார். எடுக்கற அனுமதி எனக்குக் கிடையாது. அது சூப்பர்வைசர் பதவிக்குத்தான் இருக்கு."

"நான்தானே சூப்பர்வைசர்."

"ஆமா சார். ஆனா தடைல இருக்கீங்களே. தடைல இருந்தா வேற பதவி செல்லாது."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். முற்றத்தில் வரிசை நின்றுகொண்டிருந்தது. ஊதல் கேட்காததால் யாரும் வேலைக்குப் போகவில்லை. அவனுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வந்து விசிலை எடுத்து ஊதினான். வரிசை அசையவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"தடைல இருக்கறவங்க ஊதினா சேர்த்தி இல்லைங்களே சார்" என்றார் காவலாளி, வாசலிலிருந்து.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். எதிர்முனையில் ஒரு பெண் குரல். அவன் கத்திய கத்தலில் அந்தப் பெண்ணும் குரலை உயர்த்தினாள், அதனால் எங்களுக்கும் கேட்டது. தடையில் இருப்பவர்கள் குறை சொல்லும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம். உங்களைத் தடையில் போட்டது யார், எதற்காக என்பதையும் எழுதுங்கள்.

பெஞ்சில் இடம் பார்த்தான். என் பக்கத்தில்தான் இருந்தது. உட்கார்ந்தான். அவன் சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் செருப்பு வரைக்கும் வந்தது. இரண்டு கட்டைவிரலாலும் மளமளவென்று எழுதினான். படித்தவன் இல்லையா. நான் ஒரு மத்தியானம் எடுத்துக்கொண்ட வேலையை டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான். அழுத்தி அனுப்பினான்.

என் மடியில் இருந்த செல்போன் சின்னதாக ஒரு தடவை அதிர்ந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தடையில் இருக்கிறவர்கள் எழுதுவது தடையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த வழியாகத்தான் அவன் என்னைப் படித்தான்.

"அண்ணி" என்றான். முதல் தடவையாக அது அண்ணி மாதிரியே இருந்தது.

நான் எழுந்து ஜன்னல் கதவைத் தள்ளினேன். மழையில் ஊறி இறுகியிருந்தது. வெளியிலிருந்து நாத்தனார் வந்து நல்ல கையால் பிடித்து இழுத்தாள். திறந்துகொண்டது. வரிசை மெல்ல ஜன்னல் பக்கம் நகர்ந்து வந்தது.

எனக்குப் படிக்க நேரமாகும். எழுத்துக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டுதான் படிப்பேன். வெட்கப்படவில்லை.

"நான்... சூப்பர்வைசர். தவறு... தலாகத்... தடையில் இருக்கிறேன்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "தொழி... லாளர்கள் எழுதும் குறைகளை... உடனுக்குடன்... கவனிப்பதற்காக, என்னை நானே... தடையில் சேர்த்துக்... கொண்டேன்."

"போதும்" என்றான் பின்னாலிருந்து.

"விரல்கம்பி பற்றிய... குறைக்கும்... நட... நடவ..." அந்தச் சொல் எனக்கு வரவில்லை. சாப்ட்வேரம்மா, நடவடிக்கை என்று எடுத்துக்கொடுத்தாள். "நடவடிக்கை எடுத்து, கழற்றி... வைத்திருந்த கம்பியை... நானே... திரும்ப மாட்டினேன்."

முற்றத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நாத்தனார் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வரியை இன்னொரு தடவை படிங்க அண்ணி" என்றாள்.

படித்தேன். கழற்றி வைத்திருந்த கம்பியை.

அவனுடைய செல்போன் அடித்தது. தலைமை அலுவலகம். இந்தத் தடவை அவன் கத்தவில்லை, ஆனால் அறை சின்னது. கம்பி மாட்டித்தான் இருந்தது என்று நீங்கள் முன்பு எழுதியிருக்கிறீர்கள், இப்போது கழற்றி வைத்திருந்தது என்கிறீர்கள், இரண்டில் எது உண்மை என்று அந்தக் குரல் கேட்டது. அவன் செல்போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினான். பிறகு, நாங்கள் கிளம்பி வருகிறோம், அடிபட்ட பெண்ணை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள், நீங்கள் இருக்கிற இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டாம் என்றது.

சாப்ட்வேரம்மா கம்ப்யூட்டரை மூடிப் பையில் வைத்தாள். பிளாஸ்கின் மூடியைத் திருகினாள். "நான் பார்த்துட்டுச் சொல்லச் சொன்னேன்ல அக்கா" என்றாள், அவன் பக்கம் பார்க்காமல். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அவளுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

காவலாளி முற்றத்துக்குப் போய் உள்ளே போகச் சொன்னார். ஆட்கள் போகிறபோது ஒவ்வொருவராக ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் உட்கார்ந்திருந்த நாட்களில் என்னைப் பார்த்த அதே பார்வைதான். நாத்தனார் மட்டும் போகவில்லை. ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள்.

"அண்ணி" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "எழுதினதை அழிக்க வழி இருக்கா?"

"இல்லை. நானும் தேடினேன், என்னை நீங்க படிச்சுக் காட்டின அன்னைக்கு."

என் தடையும் இன்னும் நீங்கவில்லை. அதை எடுக்கக்கூடியவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். எனக்கு அவசரமில்லை. ஷிப்ட் முடிய நிறைய நேரம் இருந்தது. சரளமாக வாசிக்க வேண்டுமானால் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும் என்பார்கள். செல்போனை எடுத்து, விரலை முதல் எழுத்தின் கீழே வைத்தேன்.

"நான்... சூப்பர்வைசர்" என்று ஆரம்பித்தேன்.